கவாத்துக் காட்டுல யாரும் இல்லைங்க

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு மொதல்லயே சொல்லிடறேன். எங்க ஊட்டு மாடி போர்ஷன்ல வாடகைக்கு இருக்கற பொண்ணு சொன்னதுங்க. குன்னூர்ல மழைக்காலத்துல கரண்ட் போனா அவ கீழ எங்க சமையக்கட்டுக்கு வந்துருவா. அடுப்பு பக்கத்துல ஒக்காந்து கைய சூடு காட்டிட்டு இருப்பா. அப்புடி வந்தப்ப எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா, முன்னுக்குப் பின்னா சொன்னது.

"கண்ணு, இத நான் எழுதட்டுமா?"ன்னு கேட்டேன். நான் எழுத்தாளர் எல்லாம் இல்லீங்க, உங்களுக்கே தெரியும். ரேஷன் கடை, ரோட்டுக் குழி, கொரங்குத் தொல்லைன்னு இந்த குரூப்ல எழுதிட்டு இருக்கற ஆளு. அவ கொஞ்சம் யோசிச்சா. "எழுதுங்கக்கா. ஆனா என்னை நல்லவளா காட்டி எழுதிறாதீங்க"ன்னா.

ஏதோ கூச்சத்துல சொல்றான்னு நெனச்சேன். எழுத ஒக்காந்து ரெண்டு பக்கம் போனதுக்கு அப்பறந்தான் அது கூச்சம் இல்லன்னு தெரிஞ்சுது. ஏன்னு போகப் போக உங்களுக்கே புரியும்.

பேரு எல்லாத்தையும் மாத்திட்டேன். எஸ்டேட் எந்தப் பக்கம்ங்கறதையும் மாத்திட்டேன். இதுல வர்ற ஆளுங்கள்ல ஒருத்தர நானா முழுசா உண்டாக்கியிருக்கேன். அது யாருன்னு மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

2

மொதல்ல இப்புடி ஆரம்பிச்சேன்:

நீலமலையின் முகடுகளில் வெண்பனி தவழ்ந்துகொண்டிருந்த அந்தக் காலைப்பொழுதில், இயந்திரப் பறவையொன்று தன் சிறகுகளை

(வேண்டாம். பனில நடந்து பால் வாங்கப் போறவங்க யாரும் இப்புடி பேசறதில்ல.)

அப்பறம் இப்புடி:

ஆள் இல்லாம பறக்கற விமானம்னா என்னன்னு தெரியுங்களா? அதாவது அதுல வந்து

(வகுப்பு எடுக்கற மாதிரி ஆயிருச்சு. ஆனா கொஞ்சமாவது சொல்லாட்டி உங்களுக்கும் புரியாது, அதனால இந்த ஒரு எடத்துல பொறுத்துக்கோங்க.)

அது பேட்டரில ஓடற விமானம். ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல நின்னு கைய விரிச்சா எவ்வளவோ அவ்வளவு அகலத்துக்கு இறக்கை. மேல பாத்து நாலு காத்தாடி, பின்னாடி ஒண்ணு. நின்ன எடத்துல இருந்தே நேரா மேல எழும்பும். எழும்புனதுக்கு அப்பறம் பின்காத்தாடி தள்ள, இறக்கைல மெதந்துட்டு போகும். எறங்கும்போது மறுபடி நாலு காத்தாடி. நம்ம மலைல ஓடுபாதை போட எடம் ஏதுங்க, அதனாலதான் இந்த ஏற்பாடு. உள்ள ஆள் கெடையாது. வயித்துல ஒரு பெட்டி, அதுல ரத்தம், பாம்புக்கடி மருந்து. மழைல மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சுக்கிட்டா அந்தப் பக்கம் இருக்கற ஊர்களுக்கு ஆஸ்பத்திரில இருந்து கொண்டு போறதுக்கு. ரோடு அடைச்சுக்கிட்டா என்ன பாடுன்னு இங்க இருக்கற யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்ல.

மொதல் மெஷினும் ரெண்டாவது மெஷினும் ஒடஞ்சு போச்சு. இது மூணாவது. அதனால அதுக்குப் பேரே மூணாவதுதான். "மூணாவதுக்கு சார்ஜ் ஏத்தியாச்சா?"ம்பாங்க.

இப்ப என் மூணாவது ஆரம்பம். இத வெச்சுக்கறேன்:

மூணாவத அவதான் கீழ தள்ளுனா. ராஜப்ரியா.

3

ராஜப்ரியா பொள்ளாச்சிக்காரி. முப்பத்தஞ்சு வயசுக்குள்ள. கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதறவ. மெஷின் ஒழுங்கா பறக்கறதுக்கு எழுதறவங்க வேற ஆளு. "தப்பா போனா என்ன பண்ணணும்ங்கறது எம்பட வேலைக்கா"ம்பா. மோட்டார் நின்னா, பேட்டரி எறங்கிப் போச்சுன்னா, சிக்னல் போச்சுன்னா மெஷின் தானா என்ன முடிவெடுக்கணும்னு அதுக்கு முன்கூட்டியே சொல்லிக் குடுக்கறது.

(அந்த வேலைக்கு அவளை விட்டா ஆள் இல்லீங்க. எங்க ஊட்டுக்கு வந்த மொத வாரமே என் குக்கரப் பாத்து, விசில் அடைச்சுக்கிட்டா மூடி எந்தப் பக்கம் பறக்கும்னு கேட்டா. நான் முழிச்சேன். அவளே எங்க ஊட்டுக்காரர் ஒக்கார்ற ஸ்டூல எடுத்து ஜன்னல் பக்கம் நகத்திப் போட்டுட்டு போயிட்டா. இன்னைக்கு வரைக்கும் அது அங்கதான் கெடக்கு. அங்க ஒக்காந்தா அவருக்கு டிவி தெரியறதில்ல.)

கம்பெனி நடத்தறவரு கீர்த்திவாசன். அவங்க அப்பா தளவாடத் தொழிற்சாலைல குமாஸ்தாவா இருந்தவரு. இவரு பெங்களூர்ல இருந்த நல்ல வேலைய விட்டுட்டு வந்து, கேத்தில ஒரு பழைய கேரட் கழுவற ஷெட்ட எடுத்து அதுல மெஷின் கட்டறாரு. மழை பெஞ்சா அந்த ஷெட்டுல இன்னும் கேரட் மண்ணு வாசம் வருமாம். எல்லாரையும் நீங்க வாங்கன்னு பேசற மனுசன். கதைல இவர கெட்டவனா ஆக்கினா எனக்கு வேலை சுளுவா முடிஞ்சிருக்கும். முயற்சி பண்ணிப் பாத்தேன், முடியல.

பறக்க விட்டுப் பாக்கறதுக்கு ஒரு டீ எஸ்டேட்ல எடம் குடுத்திருந்தாங்க. பழைய எல எடை போடற கொட்டாய், அதுக்கு முன்னாடி கொஞ்சம் சமதளம். அங்க இவங்களுக்கு டீ கொண்டு வர்றது பிலோமின்னு ஒரு அம்மா. எஸ்டேட்ல எல பறிக்கறவங்க, எஸ்டேட் குடுத்த லைன் வீட்டுலதான் குடியிருப்பு. ஐம்பது வயசுக்கு கிட்ட. சிலோன்ல இருந்து வந்த குடும்பம்.

பிலோமிக்கு மூணாவது மேல ஒரு எளக்காரம். பேட்டரி குளுந்து போகக் கூடாதுன்னு ராஜப்ரியா அதுக்கு ஒரு கம்பளிய சுத்தி வெச்சிருப்பா. அதப் பாத்துட்டு, "என்னா மேடம், ஒங்க மாப்பிள்ளை இன்னைக்காவது வேலைக்குப் போவாரா, இல்ல போத்திக்கிட்டே படுத்திருப்பாரா?"ம்பாங்க.

"வெயில் வந்தா எந்திரிப்பாருக்கா."

"எங்க ஊட்டுலயும் ஒருத்தர் அப்புடித்தான் சொல்லிட்டு இருந்தாரு"ன்னுட்டு டம்ளர எடுத்துட்டு போயிருவாங்க.

4

மெஷினுக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா தானா போய் எறங்கிக்கறதுக்கு சில எடங்கள மொதல்லயே குறிச்சுக் குடுக்கணும். பத்திரமான இடம்னு அதுக்குப் பேரு. ஆளு, மாடு, வயர், மரம் எதுவும் இல்லாத எடம். மலைல இப்புடி ஒரு எடம் தேடறது எவ்வளவு செரமம்னு நெனச்சுக்கோங்க. தட்டையா எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் ஊடு கட்டியாச்சு.

எஸ்டேட் ஃபீல்டு ஆபீசர் மாரப்பன்தான் வழி சொன்னாரு. "கவாத்துக் காடு இருக்குதுங்களே மேடம், அத வெச்சுக்கோங்க."

கவாத்துன்னா தேயிலச் செடிய முட்டிக்கு கீழ வெட்டி விடறது. வெட்டுன காட்டுல எல தளுத்து வர்ற வரைக்கும் பறிக்கற வேலை கெடையாது. ஆள் வரமாட்டாங்க. மேல வயர் இல்ல. நெழல் மரத்துக் கெளையையும் கழிச்சு விட்டிருந்தாங்க. ராஜப்ரியா நேர்ல போய் நடந்து பாத்துட்டு அந்தக் காட்ட மெஷின்ல ஏத்துனா.

இதுல ஒரு விசயம் இருக்குதுங்க. வெட்டிப் போட்ட தேயிலக் கெளைக்கு மிலாறுன்னு எஸ்டேட்ல பேரு. நல்லா நின்னு எரியும். லைன் வீட்டுல கேஸ் அடுப்பு இருந்தாலும் இந்தக் குளிருக்கு சுடுதண்ணி வெறகுலதான். கவாத்து முடிஞ்சா மிலாற தொழிலாளிங்க எடுத்துக்கறது காலங்காலமா உள்ள வழக்கம். ஞாயித்துக்கெழம லீவுல போய் கட்டு கட்டி தலைல வெச்சுக் கொண்டு வருவாங்க.

மாரப்பனுக்கு இது தெரியாதா? அவரு பொறந்து வளந்ததே எஸ்டேட்லதான். ஆனா அந்த வருசம் மேனேஜ்மெண்ட் மிலாற பூரா ஃபேக்டரி பாய்லருக்குன்னு ஒரு கான்ட்ராக்டருக்கு விட்டுருச்சு. தொழிலாளிங்க எடுக்கக் கூடாதுன்னு காலைல ஆள் கணக்கு எடுத்து மஸ்டர் போடற எடத்துல நின்னு அறிவிச்சதே மாரப்பன்தான். எடுத்து மாட்டுன ஒரு பொம்பளைய வேலைய விட்டு நிறுத்தியும் வெச்சாங்க. அதனால அவரு மனசுல கணக்கு நேரா இருந்துச்சு. எடுக்கக் கூடாதுன்னு சொல்லியாச்சு. அப்ப யாரும் போக மாட்டாங்க. அப்ப அது காலிக் காடு.

(அவரப் பாத்து சிரிக்காதீங்க. ரோட்டோரம் 'இங்கு குப்பை கொட்டாதீர்'னு போர்டு வெச்சுட்டு, அப்பறம் அந்தப் பக்கம் கூட்டறதுக்கே ஆள் அனுப்பாத ஆபீஸ் எத்தனைய நான் இந்த குரூப்ல எழுதியிருக்கேன்.)

பறக்க விட ஞாயித்துக்கெழமைய எடுத்ததும் இதே நெனப்புலதான். அன்னைக்குத்தான் காட்டுல வேலை இருக்காது, ஆளுங்களுக்கு பாதுகாப்புன்னு.

5

ஆவணி மாசம். காலைல நல்ல வெயில். அதிகாரிங்க முன்னாடி பறக்க விட்டுக் காட்டறதுக்கு முந்தி இது கடைசி பரீட்சை.

மூணாவது நேரா எழும்புச்சு. மேல போய், காத்த புடிச்சு, எதுக்க இருந்த மேட்டுக்கு அப்பால மறைஞ்சுது. ராஜப்ரியா கொட்டாய்க்குள்ள ஸ்க்ரீன் முன்னாடி ஒக்காந்துட்டு இருந்தா, கீர்த்திவாசன் பின்னாடி நின்னாரு. மெஷின் அடில இருக்கற கேமரா வழியா டீக்காடு பச்சையா ஓடிட்டு இருந்துச்சு. போற வழி பூரா ஒரு கொறையும் இல்ல.

திரும்பி வரும்போது மேட்டுப்பாளையம் பக்கம் இருந்து பனி ஏற ஆரம்பிச்சுது. அதோட, இறக்கைல இருந்து காத்தாடிக்கு மாறற நேரத்துல நாலுல ஒண்ணு சூடாகி தூக்கற சக்தி கொறஞ்சுது. அதுதான் இந்த மாதிரி மெஷினுக்கு இருக்கறதுலயே கஷ்டமான நேரமாம். பறவையாவும் இல்லாம, நிக்கற பொருளாவும் இல்லாம நடுவுல இருக்கற நேரம். நம்ம மலை மேல காத்து வேற மெல்லிசு.

மூணாவது தானா முடிவெடுத்துச்சு. கொட்டாய் வரைக்கும் வர முடியாது, பக்கத்துல இருக்கற பத்திரமான எடம் கவாத்துக் காடு, அங்க எறங்கறேன்னு ஸ்க்ரீன்ல ஒரு வரி வந்துச்சு. ராஜப்ரியா எழுதிக் குடுத்த புத்தி. நெசமான ஆபத்துல அது வேலை செஞ்சது அன்னைக்குத்தான் மொதல் தடவை. கீர்த்திவாசன் அவ தோள தட்டி, "பாத்தீங்களா ராஜி, யாரும் ஒண்ணும் பண்ணாம அதுவா காப்பாத்திக்குது"ன்னாரு. அவளுக்கும் அழுகை வர்ற மாதிரி ஒரு சந்தோசம்.

காடு கேமராவுல பெருசாகிட்டே வந்துச்சு. வெட்டுன கட்டைங்க, வெள்ள வெள்ளையா. நடுநடுவுல பனி. ஒரு மிலாறு கட்டு.

அந்தக் கட்டு நகந்துச்சு.

மேல இருந்து பாத்தா தலைல கட்டு வெச்சிருக்கற ஆள் தெரிய மாட்டாங்க. கட்டு மட்டுந்தான் தெரியும். இதெல்லாம் ராஜப்ரியா அந்த நேரத்துல யோசிக்கல. கை தானா போயிருச்சு. மெஷின் கிட்ட இருந்து கட்டுப்பாட்ட புடுங்கி, பக்கவாட்டுல தள்ளுனா. மேல தூக்க அதுக்கு தெம்பு இல்ல, ஓரமாத்தான் தள்ள முடியும். ஓரத்துல பள்ளம். பள்ளத்துல சோலைக் காடு.

ஸ்க்ரீன் கறுத்துப் போச்சு. கொஞ்ச நேரத்துல பள்ளத்துல இருந்து பொகை வந்துச்சு.

6

ஓடுனாங்க. பேட்டரி எரிஞ்சு மெஷின்ல ஒண்ணும் மிச்சமில்ல. அதுக்குள்ள இருந்த கேமரா பதிவும் சேந்து போச்சு. கீழ ஸ்க்ரீன்ல பதிவானது விட்டு விட்டு, பனி மறைச்சு, பாதி சாம்பல் நெறம்.

கவாத்துக் காட்டுல யாரும் இல்ல. நடுப்பாதைல ஒரு மிலாறு கட்டு கெடந்துச்சு. கட்டுன கட்டு.

கீர்த்திவாசன் அந்தக் கட்டையும் அவளையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, ரொம்ப மெதுவா சொன்னாரு: "ராஜி, மெஷின் ஆடிட்டு இருந்துச்சு. மெஷின் ஆடுனா ஸ்க்ரீன்ல எல்லாமே நகரும்."

அது அவளுக்கும் தெரியும்.

மாரப்பன் மூச்சு வாங்க வந்து சேந்தாரு. கட்டப் பாத்தாரு. குனிஞ்சாரு. கயித்த அவுத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டு, மிலாற காலால தள்ளி நாலா பக்கமும் எறைச்சு விட்டாரு. அப்பறம், "பழசுங்க. எப்பவோ கட்டிப் போட்டது"ன்னாரு.

இந்த எடத்துல நான் ரொம்ப நேரம் நின்னேன். அவரு தன்னை காப்பாத்திக்கறதுக்காக எறைச்சாரா, அந்தக் கட்டுக்கு சொந்தக்காரிய காப்பாத்தறதுக்கா? ரெண்டு விதமாவும் எழுதிப் பாத்தேன். ரெண்டுலயும் கை ஒரே மாதிரிதான் அசைஞ்சுது.

7

இங்கதான் நான் மாட்டிக்கிட்டேன்.

அந்தக் கட்டுக்கு கீழ ஒரு பொம்பளை இருந்தா. சத்தம் கேட்டு நிமிந்து பாக்க முடியாம, கட்ட அப்புடியே போட்டுட்டு மேட்டுப் பக்கமா ஓடுனா. அவ பேரு

(நிறுத்திட்டேன்.)

காட்டுல ஒரு ஆள வெச்சேன்னா ராஜப்ரியா ஒரு உசுர காப்பாத்துனவ ஆயிடறா. நல்லவ. வெக்காட்டி, சும்மா பயந்து, அத்தன பேரோட பல வருச ஒழைப்ப பள்ளத்துல தள்ளுனவ. நல்லவளா காட்டி எழுதாதீங்கன்னு அவ சொன்னது இப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. காட்டுல ஆள வெக்காதீங்கக்கான்னு சொல்லியிருக்கா.

ஏன்னா வெச்சா அது யாருன்னு தேடுவாங்க. மிலாறு எடுத்தவ யாருன்னு. இது கதைதானேன்னு நீங்க சொல்லுவீங்க. எஸ்டேட் ஆபீஸ்ல கதை படிக்கறவங்க இல்லியா என்ன?

அப்ப ஆள் இல்லன்னு எழுதிரலாம். எழுதுனேன். எழுதி எங்க ஊட்டுக்காரர்கிட்ட படிக்கக் குடுத்தேன். படிச்சுட்டு கண்ணாடிய கழட்டினாரு. "அப்ப அந்தப் புள்ள சும்மாவா தள்ளுச்சு?"ன்னாரு. எனக்கு சுருக்குன்னு போச்சு. அடுப்புப் பக்கம் ஒக்காந்து கைய காட்டிட்டு இருக்கற அந்தப் புள்ளைய நானும் சேந்து பள்ளத்துல தள்ளுன மாதிரி.

8

கீர்த்திவாசன் கோவப்படல. ரெண்டு வாரம் கழிச்சு அவளைக் கூப்புட்டு ஒக்கார வெச்சு பேசுனாரு. கேரட் ஷெட்டுல நாலாவது மெஷினுக்கு எலும்புக்கூடு ஏறிட்டு இருந்துச்சு. மூணாவது ஏன் விழுந்துச்சுன்னு எழுதிக் குடுத்தாத்தான் நாலாவத பறக்க விட அனுமதி. கட்டுப்பாட்ட புடுங்குனது ராஜப்ரியா, அதனால காரணத்த அவதான் எழுதணும்.

"காட்டுல ஆள் இருந்தாங்க, இல்லாட்டி இல்ல. ரெண்டே பதில்தான் ராஜி. நீங்க எத எழுதினாலும் நான் கையெழுத்து போடறேன்."

அவரு நெசமாத்தான் சொன்னாரு. ஆனா அந்த ரெண்டு பதிலும் லேசுப்பட்டது இல்லீங்க.

ஆள் இருந்தாங்கன்னு எழுதுனா, எஸ்டேட்டுக்கு நோட்டீஸ் போகும். காலிக் காடுன்னு சொன்ன மாரப்பன் பதில் சொல்லணும். அவரு தப்பிக்கணும்னா போன பொம்பளைய புடிச்சுக் காட்டணும். அவளுக்கு வேலை போகும், வேலை போனா லைன் வீடும் போகும்.

இல்லன்னு எழுதுனா, தப்பு ராஜப்ரியா மேல. நாலாவத அவ கைல குடுக்க மாட்டாங்க. அது கூட பரவால்லக்கான்னா. அவளை தூங்க விடாதது வேற. ஆள் இல்லன்னு ஆயிருச்சுன்னா மெஷின் எடுத்த முடிவு சரின்னு ஆயிரும். கவாத்துக் காடு பத்திரமான எடமாவே இருக்கும். நாலாவதுக்கு ஏதாவது ஆச்சுன்னா அது நேரா அங்கதான் போய் எறங்கும். அன்னைக்கு ஸ்க்ரீன் முன்னாடி அவ இருக்க மாட்டா.

9

முடிவு எழுதிப் பாத்தது இதெல்லாம்.

அ) இருந்தாங்கன்னு எழுதிக் குடுக்கறா. கீர்த்திவாசன் எஸ்டேட் மேனேஜர்கிட்ட போய் பேச, அவரு மனசு மாறி, மிலாற பழையபடி தொழிலாளிங்களே எடுத்துக்கட்டும்னு

(இந்த மாதிரி மேனேஜர நான் இன்னும் பாக்கல. பாத்தவங்க இருந்தா சொல்லுங்க, முடிவ மாத்திடறேன்.)

ஆ) இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு பொள்ளாச்சிக்கே போயிடறா. பஸ் பர்லியார் வளைவுல திரும்பும்போது ஜன்னல் வழியா

(அழுக வெக்கறதுக்காக எழுதுனது. அடிச்சுட்டேன்.)

இ) இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு, யாருக்கும் சொல்லாம மெஷின்ல இருந்து கவாத்துக் காட்ட எடுத்துடறா. யாருக்கும் நட்டமில்ல. எனக்கு இது ரொம்ப புடிச்சுது. ஓடிப் போய் மாடிக் கதவத் தட்டிச் சொன்னேன். அவ பாவமா சிரிச்சா. அதுல எத மாத்துனாலும் ஏன் மாத்துனேன்னு பக்கத்துலயே காரணம் எழுதணுமாம், நாளைக்கு வேற ஆள் அந்த வேலைக்கு வந்தா புரியறதுக்கு. எழுதாட்டி மெஷின் ஏத்துக்காது. எழுதுனா கேப்பாங்க.

"அவ்வளவு சுளுவா இருந்தா நான் பண்ணியிருக்க மாட்டேனாக்கா?"ன்னா.

ஈ)

(இதுல ஒண்ணும் எழுதல. யோசிச்சுட்டே ஒக்காந்திருந்ததுல பால் பொங்கிப் போச்சு.)

10

கடைசியா அவ சொன்னது ஒண்ணு இருக்கு. இத சொன்ன அன்னைக்கும் கரண்ட் இல்ல.

கொட்டாய்ல மிச்சம் கெடந்த சாமான எடுத்துட்டு வர அவ தனியா போயிருந்தா. ஸ்க்ரீன், வயரு, அந்தக் கம்பளி. பிலோமி டீயோட வந்தாங்க. யாரும் சொல்லி விடல, அவங்களா வந்தது.

கம்பளிய மடிச்சுட்டு இருந்தவளைப் பாத்து, "மாப்பிள்ளை போனதுக்கு நான் துக்கம் கேக்க வரலன்னு கோவிச்சுக்காதீங்க மேடம்"ன்னாங்க. ராஜப்ரியாவுக்கு சிரிப்பு வந்துருச்சு. அத்தன நாளுக்கு அப்பறம் அன்னைக்குத்தான் சிரிச்சாளாம். "நாலாவதா ஒருத்தர் வர்றாருக்கா"ன்னா. "வரட்டும், வரட்டும். நாலு கல்யாணம் பண்ணுனவங்கள நானும் பாத்திருக்கேன்"னாங்க பிலோமி.

ரெண்டு பேரும் கொட்டாய்ப் படில ஒக்காந்தாங்க. எதுக்க கவாத்துக் காடு. செவப்பா கொழுந்து தளுக்க ஆரம்பிச்சிருந்துச்சு.

பிலோமி டீய ஆத்திட்டே பேசுனாங்க. மாரப்பன் சார் லைன்ல வந்து ஊடு ஊடா கேட்டாராம், அன்னைக்கு ஞாயித்துக்கெழம கவாத்துக் காட்டுக்குப் போனது யாருன்னு. சத்தம் போட்டுத்தான் கேட்டாராம். ஆனா ஒவ்வொரு ஊட்டு வாசல்லயும், யாராவது வாயத் தொறக்கறதுக்கு முந்தியே, "யாரும் போகலல்ல?"ன்னு அவரே எடுத்துக் குடுத்தாராம். எல்லாரும் ஆமா, யாரும் போகலன்னாங்களாம்.

"நானும் யாரும் போகலன்னுதான் சொன்னேன்."

ராஜப்ரியா டம்ளர வாங்கிக்கிட்டா. கை சூடு தாங்காம மாத்தி மாத்திப் புடிச்சா.

"நீங்க மட்டும் இன்னும் என்கிட்ட கேக்கலயே மேடம்."

"கேக்கலக்கா."

பிலோமி அந்தக் காட்டப் பாத்தாங்க. அப்பறம் இவ மொகத்தப் பாத்தாங்க.

"கேட்டா, ஒங்ககிட்டயும் அதத்தான் சொல்லணுமா?"

11

"அப்பறம்?"னு கேட்டேன்.

ராஜப்ரியா எந்திரிச்சுப் போய், டம்ளர கழுவி கவுத்து வெச்சா. "கரண்ட் வந்துருச்சுக்கா"ன்னா. மாடிக்குப் போயிட்டா. அவ போனதுக்கு அப்பறமும் கொஞ்ச நேரம் இருட்டாத்தான் இருந்துச்சு.

அதனால அவ என்ன பதில் சொன்னான்னு எனக்குத் தெரியாதுங்க. சொன்னாளான்னே தெரியாது. அந்த அம்மா கேட்டது என்னன்னு மட்டும் புரியுது. உண்மையச் சொல்ல அவங்க தயாரா வந்திருக்காங்க. அத வாங்கிக்கிட்டா இவ அத வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்னு தெரியாமயே வந்திருக்காங்க. வேணாம்க்கா, எனக்கும் அதையே சொல்லுங்கன்னு இவ சொன்னா, அந்த அம்மா பொழைச்சாங்க. ஆனா நாளைக்கு அந்தக் காட்டுல வேற யாரோ ஒருத்தி தலைல கட்டோட நடப்பா. இல்லக்கா, நெசத்தச் சொல்லுங்கன்னா, அந்த யாரோ ஒருத்தி பொழைச்சா. இப்ப டீ கொண்டாந்து குடுத்தவங்க போனாங்க.

நான் ரெண்டு பதிலையும் எழுதி எழுதி அடிச்சதுல பேப்பரே கிழிஞ்சு போச்சு. கதை எழுதத் தெரிஞ்சவங்களா இருந்தா மூணாவதா ஒண்ணு கண்டுபுடிச்சிருப்பாங்களோ என்னமோ. இன்னைக்கு சனிக்கெழம. திங்கக்கெழம அவ கீர்த்திவாசன்கிட்ட எழுதிக் குடுக்கணும். மாடில லைட் எரியுது, நடக்கற சத்தம் கேக்குது.

அவ பதில் வர்ற வரிய அப்புடியே விட்டு வெக்கறேன். நீங்க அந்தக் கொட்டாய்ப் படில, அந்த டம்ளர கைல வெச்சுட்டு ஒக்காந்திருக்கறதா நெனச்சு நெரப்புங்க.

ராஜப்ரியா சொன்னா: "..........................................."

நெரப்பிட்டீங்கன்னா உங்களோடவே வெச்சுக்கோங்க. தயவு பண்ணி கமெண்ட்ல மட்டும் போட்டுறாதீங்க. மாரப்பனும் வேற பேர்ல இந்த குரூப்லதான் இருக்காரு.